விரிந்த முன்னெழுத்து

என் பழைய கடவுச்சீட்டில் 'சர்நேம்' என்ற இடம் வெறுமையாக இருந்தது; பல ஆண்டுகளாக அது யாரையும் உறுத்தவில்லை. ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்த பிறகு, பயண முகவர் என் விண்ணப்பத்தைத் தொடவே மறுத்துவிட்டார்.

இணையத்தில் படிவம் நிரப்பி, 36 பக்கக் கடவுச்சீட்டுக்கு 1,500 ரூபாய் கட்டி, நாள் பெறுவதில் சிரமமில்லை. அந்த ஒரு கட்டத்தை நிரப்புவதில்தான் இடறினேன். 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்பது போல, ஊரும் தந்தையும் முன்னே நிற்க, ஆள் கடைசியில் வருவதுதானே நம் வழக்கம்? ஆகவே தந்தையின் பெயரை முதலிலும் என் பெயரைக் கடைசியிலும் எழுதியிருந்தேன். "உங்க பேரே குடும்பப் பேரா?" என்று சிரித்த அதிகாரி, இடம் மாற்றச் சொன்னதோடு, ஆதாரில் முன்னெழுத்து மட்டுமே இருப்பதைக் காட்டி, அதையும் விரித்துக்கொண்டு வருமாறு திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு நாள் விடுப்பு வீணாயிற்று.

இதைக் கேட்ட உறவினர் ஒருவர், "தாத்தாவோட பட்டத்தையே போட்டுடேன், ஒரே நாள்ல முடியும்" என்றார். சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்ததை ஏற்று, தாத்தா தம் பெயரின் வாலைத் தாமே வெட்டிக்கொண்டவர். ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக அதை நான் ஒட்டவைப்பதா? அப்பாவின் பெயரே போதும் என்று முடிவு செய்தேன். அது குலப் பெயரன்று, ஒரு தனி மனிதரின் பெயர். படிவத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது என்பது வேறு.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பதால், விரித்த பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பிறப்புச் சான்றிதழோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே ஒப்புதல் கொடுங்கள். நான் கடைசி நொடியில் ஒரு 'எச்' கூடுதலாக இருந்ததைப் பிடித்தேன். இரண்டாம் முறை அலுவலகத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

புறப்படும் நாளில், "பயணி மாணிக்கம் உடனடியாக வாயிலுக்கு வரவும்" என்று அறிவித்தபோது, யாரோ ஒருவர் தாமதிக்கிறார் என்று எண்ணித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் அழைப்பில்தான், ஆறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த என் அப்பாவை அல்ல, என்னைக் கூப்பிடுகிறார்கள் என்பது உறைத்தது. ஓடிப்போய்ச் சேர்ந்த கடைசி ஆள் நான்தான்.