மணற்காட்டு மணலும் வோட்டர்போர்ட் கிண்ணமும்

அயர்லாந்தில் வாங்கிய கிறிஸ்டல் கிண்ணத்தை இந்தமுறைதான் பருத்தித்துறைக்குக் கொண்டுவந்து மாமியிடம் கொடுத்தேன். கையில் வாங்கியவுடனே, "என்ன தம்பி, சின்னக் கிண்ணம், இவ்வளவு பாரமாக் கிடக்கு?" என்றார்.

பாரத்துக்குக் காரணம் ஈயம். மணலோடு ஈய ஒட்சைட்டைச் சேர்த்து உருக்கும் முறையை 1670களில் இங்கிலாந்தில் ஜோர்ஜ் ரேவன்ஸ்குறொப்ட் பரவச் செய்தார். ஈயம் கலந்தால் கண்ணாடி மென்மையாகி வெட்ட இடங்கொடுக்கும், ஒளியையும் கூடுதலாக வளைக்கும். கிறிஸ்டல் என்று பெயர்தான், உள்ளே படிகம் எதுவும் இல்லை.

அயர்லாந்தின் வோட்டர்போர்ட் நகரில் 1783இல் தொடங்கிய தொழில் இது. இடையில் 1851இல் நின்றுபோய், 1947இல் திரும்பவும் உயிர்பெற்றது. பட்டறைக்குள் நுழைந்ததும் முகத்தில் அனல் அடித்தது. நீண்ட குழாயின் முனையில் தணலாய்ச் சிவந்த குழம்பை அள்ளி, ஊதி, தண்ணீரில் ஊறிய மர அச்சுக்குள் இறக்குகிறார்கள். ஈர மரத்திலிருந்து எழும் ஆவிதான் கண்ணாடியை மரத்தில் ஒட்டவிடாமல் காக்கிறது. அப்புறம் மெதுமெதுவாக ஆறவிட வேண்டும், அவசரப்பட்டால் வெடித்துவிடும்.

என்னை அசையவிடாமல் நிறுத்தியது வெட்டுகிறவரின் மேசை. பாத்திரத்தில் பேனாவால் போட்ட சில கட்டங்கள் மட்டுமே இருந்தன. பூவும் கதிரும் அவருடைய மனதில் இருந்தன. சுழலும் வைரச் சில்லில் பாத்திரத்தை அழுத்தி, கண்ணாடி வழியாகவே பார்த்து வெட்டினார். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் பாத்திரம் போச்சு. ஆழத்தைக் கையும் காதும் சொல்லவேண்டும். வெட்டிய இடம் முதலில் சாம்பல் பூத்துத்தான் கிடந்தது. அமிலத்தில் தோய்த்து எடுத்த பிறகுதான் மினுக்கம் வந்தது.

அடுத்தநாள் காலை கடற்கரைக் கிராமமான மணற்காட்டுக்குப் போனேன். மணலில் புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். இந்தக் கரையோரம் அம்பன், வல்லிபுரம் பக்கமெல்லாம் சிலிக்கா மணல். கண்ணாடிக்கு மூலப்பொருளே சிலிக்காதான். சின்ன வயதில் நாங்கள் சறுக்கி விளையாடிய மணல்! விரலிடுக்கால் வழிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீடு திரும்பியபோது மாமி கிண்ணத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். "தேசிக்காய் ஊறுகாய் போட்டு வைப்பமோ?"

"வேண்டாம் மாமி, புளி ஈயத்தைக் கரைக்கும்."

"அப்ப சாமியறையில பூப்போட்டு வைப்பம்" என்று நந்தியாவட்டை பறிக்கப் போனார்.