திருகோணமலையில் பெற்றூனியா: ஐப்பசி விதைப்பு முதல் கச்சான் வரை

பெற்றூனியா திருகோணமலைக்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அதைப் பங்குனியிலோ சித்திரையிலோ வைத்துப் பார்த்தவர்கள். மலைநாட்டில் பூத்த செடியை வாங்கி வந்து, ஓரிரு மாதத்திலேயே கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்றில் கருகவிட்டால் குற்றம் செடியில் இல்லை. இங்கே அதற்கென்று ஒரு காலம் உண்டு. மாரி மழை ஓயும் மார்கழிக் கடைசியிலிருந்து கச்சான் தொடங்கும் வைகாசி வரை, ஏறத்தாழ நான்கு மாதம். அந்த நேரத்தில் பூ வேண்டுமென்றால் ஐப்பசியிலேயே, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே, கூரைக்குக் கீழே விதைத்துவிட வேண்டும். நவம்பர் 1 இல் அப்படித் தொடங்கிய பயிரின் பதிவு இது.

நாள் 1

நாற்றுக் கலவை: கழுவிய தும்புத்தூள் 2 பங்கு, சலித்த கூட்டெரு 1 பங்கு, உமிக்கரி 1 பங்கு. தும்புத்தூளில் உப்பு இருக்கும். மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கலவைமீது கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, அடியில் துளையிட்ட ஐஸ்கிறீம் பெட்டிகளில் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிரப்பினால் போதும்.

பெற்றூனியா விதை தூசி மாதிரி. ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 விதை இருக்கும். ஈரமாக்கிய பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒட்டியெடுத்து மேலே வைப்பதோடு வேலை முடிந்தது. மண் போட்டு மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். களிமண் பூச்சுள்ள உருண்டை விதையென்றால், வைத்த உடனே பூச்சு முழுதும் கரையுமளவு தெளிக்க வேண்டும். அரைகுறையாக நனைந்து காய்ந்தால் அந்தப் பூச்சே ஓடாக இறுகி முளையை அடைத்துவிடும். பெட்டிமேல் பொலித்தீன் தாள், நேர்வெயில் படாத வெளிச்சமான இடம். 24 முதல் 27 பாகை செல்சியஸ் இதற்கு உகந்தது. மாரிகாலத் திண்ணையில் அது தானாகவே கிடைக்கிறது.

நாள் 7 முதல் 10 வரை

பாதி விதை முளைத்ததும் பொலித்தீனை எடுத்தாயிற்று. எல்லாம் முளைக்கட்டும் என்று காத்திருந்தால் முளைத்தவையும் போய்விடும். மூடியிட்டே விட்ட ஒரு பெட்டியில் மூன்றாம் நாள் காலை நாற்றுகள் மண்மட்டத்தில் நூலாய் மெலிந்து சாய்ந்து கிடந்தன. இது நாற்றழுகல். அசையாத ஈரக்காற்றில் பூஞ்சணம் தண்டின் அடியைத் தின்பதால் வருவது. சாய்ந்த இடத்தைச் சுற்றியுள்ள கலவையோடு கரண்டியால் அள்ளி எறிய வேண்டும். அதன்பின் தண்ணீர் கீழிருந்து மட்டுமே: தட்டில் ஊற்றி, மேற்பரப்பு நனைந்ததும் பெட்டியைத் தூக்கிவிடுவது.

நாள் 26

முதல் வித்திலைகளுக்குப் பிறகு மூன்று நான்கு உண்மையான இலை வந்ததும், துளையிட்ட யோகட் கோப்பைகளுக்கு மாற்றல். இலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். தண்டைப் பிடித்தால் நசுங்கும்.

புகைப்பவர்களும் வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களும் இந்த வேலைக்கு முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பெற்றூனியா புகையிலைக்கு நெருங்கிய உறவு, கத்தரி, மிளகாய், தக்காளி எல்லாம் அதே குடும்பம். பெயரே அந்த உறவைத்தான் சொல்கிறது. தென்னமெரிக்கப் பழங்குடிகள் புகையிலையைக் குறித்த ‘பெற்றுன்’ என்ற சொல்லிலிருந்து 1803 இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜுஸ்யூ இந்தப் பேரினப் பெயரை அமைத்தார். உலர்ந்த புகையிலையிலும் உயிர்ப்போடு இருக்கும் தேமல் வைரசு விரல்வழியாக நாற்றுக்கு வரும். பிறகு இலை பச்சையும் மஞ்சளுமாய்த் திட்டுப்பட்டு நெளியும். மருந்து கிடையாது, பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

நாள் 38

ஆறிலைப் பருவத்தில் நுனி கிள்ளல், நான்கு இலை விட்டு. மனம் வராமல் விட்டால் ஒற்றைத் தண்டாய் நீண்டு உச்சியில் மட்டும் பூக்கும்.

நாள் 45

சாடிக்கு மாற்றல். 25 சென்ரிமீற்றர் சாடிக்கு மூன்று கன்று. தும்புத்தூள் 2, கூட்டெரு 1, செம்மண் 1. கடல்மணல் வேண்டாம், அதில் உப்பும் சிப்பித்தூளும் உண்டு. அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் அறவே கூடாது. காரணம் இரண்டே வாரத்தில் இலையில் தெரிந்தது.

நாள் 60

கிணற்று நீர் ஊற்றிய வரிசையில் இளம் இலைகள் மஞ்சளாகின, நரம்புகள் மட்டும் பச்சை. மழைநீர் ஊற்றிய வரிசை கரும்பச்சை. உரம் இரண்டுக்கும் ஒன்றே: வாரம் ஒருமுறை அல்பேர்ட் கரைசல் என்ற கலப்பு உரம், லீற்றருக்கு 1 கிராம்.

பெற்றூனியா 5.5 முதல் 6 வரையான பீஎச் அளவை, அதாவது சற்று அமிலமான மண்ணை, விரும்பும். கரையோரக் கிணறுகளின் சுண்ணாம்பு நீர் மண்ணின் பீஎச்சை மெல்ல உயர்த்தும்போது, இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது. முதிய இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, இளம் இலை மஞ்சளானால் இரும்பு. இதைப் பிரித்தறியாமல் யூரியா போடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. போடப்போட இலை பெருக்குமே தவிர மஞ்சள் தீராது. கீலேற்று இரும்பு (வேர் எடுக்கக்கூடிய வடிவில் பிணைத்த இரும்பு) வாங்குவதாயின் ஈடிடிஎச்ஏ வகையைக் கேட்டு வாங்குங்கள். மலிவான ஈடிடிஏ வகை காரமான மண்ணில் நிலைக்காது.

அதைவிட நல்லது மாரி மழையைச் சேமிப்பது. ஆறு சாடிக்கு நாளுக்கு 3 லீற்றர் என்றால் 200 லீற்றர் பீப்பா ஒன்று இரண்டு மாதத்துக்கு வரும். வாயை நுளம்புவலையால் இறுகக் கட்டவும்.

நாள் 76, தைப்பொங்கலையொட்டி

முதல் பூ. சிறுபூ வகைதான் முந்தியது. பெரும்பூ வகை ஒரு வாரம் பின்னால் வந்து, 10 சென்ரிமீற்றர் அகலத்தில் கண்ணைப் பறித்தது. ஆனால் தை நடுவில் பெய்த ஒரு மழைக்கே இதழ்கள் நனைந்த காகிதமாய் ஒட்டிக்கொண்டு, மறுநாள் சாம்பல் பூஞ்சணம் பிடித்தன. சிறுபூ மழை விட்டு ஒரு பகலில் நிமிர்ந்துவிட்டது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து வெளிமுற்றத்துக்குச் சிறுபூவே சரி. பெரும்பூவைத் தாழ்வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையை யன்னலோரம் வைக்க வேண்டும். இன்றைய தோட்டப் பெற்றூனியாவுக்குத் தென்னமெரிக்காவின் இரண்டு காட்டினங்கள் மூதாதை. ஒன்று இரவில் மணம் வீசி அந்துப்பூச்சியை அழைக்கும் வெள்ளை. மற்றது பகலில் தேனீக்குப் பூக்கும் ஊதா, இது 1831 இல் கிளாஸ்கோ தாவரவியல் தோட்டத்துக்குப் போனது. இரண்டையும் 1830களில் பிரித்தானியத் தோட்டக்காரர்கள் கலந்ததிலிருந்து இத்தனை நிறமும் தொடங்கின. வெள்ளை வகைகள் பலவற்றில் அந்த இரவு மணம் இன்னும் இருக்கிறது.

படரும் வகையான ‘பர்ப்பிள் வேவ்’ மட்டும் மாசி வரை இலையாகவே ஓடியது. 1995 இல் அமெரிக்காவின் ‘ஓல் அமெரிக்கா செலெக்சன்ஸ்’ விருது பெற்ற வகை இது, பழுது விதையில் இல்லை. மொட்டு வைக்க 13 மணி நேரத்துக்கு மேல் பகல் கேட்கும். திருகோணமலையின் மிக நீண்ட பகலே 12 மணி 40 நிமிடத்தைத் தாண்டாது. மாலை 6 முதல் 10 வரை ஒரு மஞ்சள் ஒளி மின்குமிழை ஒரு மீற்றர் உயரத்தில் எரியவிட்டதும், நான்காம் வாரம் மொட்டு வந்தது.

மாசி, பங்குனி

வாடிய பூவை இழுத்தெடுத்தால் இதழ் மட்டும்தான் வரும், காய் தங்கிவிடும். காம்போடு கிள்ள வேண்டும். மொட்டில் குண்டூசித் துளை தெரிந்தால் உள்ளே புழு. அந்திநேரம் பார்த்துக் கையால் பொறுக்குவதே போதும். இலையின் பசைமயிர்களில் கடற்காற்றின் உப்பும் தூசும் ஒட்டும், வாரம் ஒருமுறை விடியற்காலையில் மழைநீரால் மெல்லக் கழுவினால் நுனி கருகுவது குறையும். கோடிட்ட பூக்களில் வெள்ளைப்பட்டை நாளுக்கு நாள் கூடிக்குறையும். நோயல்ல, நிறமியை ஆக்கும் மரபணு அந்த இடத்தில் அடங்கிப்போவதால் வருவது. 1990 இல் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்கப் பார்த்த ஆய்வாளர்களுக்கு வெள்ளைப்பூ கிடைத்ததும் இதே செயலால்தான்.

சித்திரை வருடப்பிறப்புக்கு முன் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி, உரமிட்டால் இன்னொரு சுற்றுப் பூக்கும்.

வைகாசி

கச்சான். காலையில் ஊற்றிய சாடி நண்பகலில் வாடியது. 7 சென்ரிமீற்றர் நுனித்துண்டுகளை மொட்டு நீக்கித் தும்புத்தூளில் நட்டு வேப்பமர நிழலில் வைத்ததில், இரண்டு வாரத்தில் வேர் வந்தது. ஆனால் ஐப்பசி வரை ஐந்து மாதம் அவற்றைக் காப்பதைவிடப் புதுவிதையே மேல். கலப்பின விதையின் மறுவிதையில் தாய்நிறம் வராது என்பதால், புதிதாக வாங்குவதே நல்லது. பழைய சாடிமண்ணை மிளகாய்க்கோ கத்தரிக்கோ போடாமல் வாழையடியில் கொட்டியாயிற்று.