முதல் தடவை எந்த வயசுல?

போதை மறுவாழ்வு மையத்துக்குப் பையனைக் கூட்டி வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: "சேர்க்கை சரியில்ல சார்." நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் கேஸ் ஷீட்டை நிரப்பும்போது எனக்குத் தெரியவேண்டியது வேறு. முதல் தடவை எந்த வயதில்? அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது?

பதின்பருவத்தில் ஆசையைத் தூண்டும் மூளைப்பகுதிகள் மும்முரமாகிவிடுகின்றன. பின்விளைவை யோசித்து நிதானிக்கச் செய்யும் முன்நெற்றிப் பகுதி முதிர்ந்து முடிய ஏறத்தாழ 25 வயதாகிறது. இந்த இடைவெளியில் பழகுவது எதுவும் ஆழமாகப் பதியும், போதையும்தான். அமெரிக்காவில் 1997இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் பிற்பாடு மதுவுக்கு அடிமையானார்கள். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம்தான். வயது மட்டுமே காரணம் என்று இதைப் படிக்கக் கூடாது. பதினாலு வயதில் பாட்டிலைத் தொடுகிற பிள்ளையின் வீடு பல நேரம் ஏற்கெனவே உடைந்துதான் கிடக்கும்.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை மோந்து பார்க்கும் பையன்கள் வருவார்கள். 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை வகை இந்த மோந்து பார்ப்பதுதான். ஏன்டா என்றால் "ஜாலிக்கு சார்" என்பார்கள். பழகிய பிறகு ஒருவன் சொன்னான்: "அப்பா வண்டிச் சத்தம் கேட்டாலே வயித்த கலக்கும். இத மோந்தா எதுவும் கேக்காது."

ஓயாத பயத்தில் வளரும் குழந்தையின் உடலில் அபாய மணி அணைவதே இல்லை. அவனுக்குப் போதை கொண்டாட்டம் அல்ல, கைவைத்தியம். அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டி, ஆண்டா குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அடி, பாலியல் கொடுமை, வீட்டில் குடிப்பவர் போன்ற குழந்தைப்பருவக் காயங்களில் நான்கு வகைக்குக் குறையாமல் பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிட மது, போதை அடிமைத்தனம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு இருந்தது. தலையெழுத்து என்று இதற்கு அர்த்தமில்லை. அப்படி வளர்ந்தும் போதைப் பக்கமே போகாதவர்கள் நிறைய.

பள்ளிகளில் புற்றுநோய்ப் படத்தைக் காட்டி உறுதிமொழி எடுக்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. இன்றைய இரவைக் கடப்பதே பெரும்பாடாக இருக்கும் பையனை, ஐம்பது வயதில் வரக்கூடிய நோய் எப்படிப் பயமுறுத்தும்?

அதனால் முதல் வாரத்திலேயே அப்பாவையும் உட்கார வைக்கிறோம். "வைத்தியம் அவனுக்கா, எனக்கா?" என்று சீறுவார்கள். "ரெண்டு பேருக்கும்தாங்க" என்பேன். சிலர் எழுந்து போய்விடுவார்கள். அப்போது அம்மாவிடம்தான் பேச வேண்டும்: இங்கிருந்து கிளம்பியதும் பையன் கொஞ்ச நாள் தாய்மாமன் வீட்டில் இருக்க முடியுமா என்று.