அடமைட்டை லேப் இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா?

இது மேலூர்க் கல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவில் மப்பிமி பக்கம் இருக்கும் ஒஹுவேலா சுரங்கத்துச் சரக்கு, கல் சேகரிக்கும் நண்பர் ஒருவர் மூலமாக மதுரைக்கு வந்து சேர்ந்தது. துருப்பிடித்த இரும்பு போல இருக்கும் லிமோனைட் மேல் மஞ்சள் கலந்த பச்சையில் பொடிப்பொடிப் படிகங்கள். அடமைட், அதாவது துத்தநாக ஆர்சனேட் (துத்தநாகமும் ஆர்சனிக்கும் சேர்ந்த கனிமம்). 1866-லேயே சிலி நாட்டு மாதிரியை வைத்து விவரித்துவிட்டார்கள். லேபிளை மறைத்துவிட்டு, பையில் எடுத்துப் போகும் சாமான்களை மட்டும் வைத்து இதை அடையாளம் காண முடிகிறதா என்று பார்ப்பதுதான் திட்டம்.

யூவி (புற ஊதா) விளக்கை எடுத்துக்கொண்டு ராத்திரி மொட்டை மாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, தேள் தேடுறியா?" என்றார்கள் (தேளும் யூவியில் பச்சையாக மின்னும், அக்காவுக்கு விவரம் தெரிந்திருக்கிறது). கல் எலுமிச்சைப் பச்சையில் பளிச்சென்று எரிந்தது. காரணம், படிகத்துக்குள் துளியூண்டு கலந்திருக்கும் யுரேனைல், அதாவது யுரேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனி. அப்புறம் கிரானைட் அறுக்கும் பட்டறையில் கழித்துப் போட்டிருந்த ஒரு துண்டைக் காட்டினேன், அதன் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிசாகப் படிந்திருந்த ஹயலைட் ஓபலும் அதே பச்சையில் மின்னியது, ஏனென்றால் அங்கேயும் அதே யுரேனைல்தான். இந்தப் பக்கம் இப்படி, அந்தப் பக்கம் பார்த்தால் செம்பு அதிகம் கலந்த அடமைட் கரும்பச்சையாகிக் கொஞ்சம்கூட மின்னாது. அதனால் விளக்கை மட்டும் நம்பினால் கதை முடிந்தது.

கத்தி உடனே பிரித்துக் காட்டிவிட்டது. அடமைட்டின் கடினம் மோஸ் அளவுகோலில் (கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் அளவு) 3.5, லேசாகத் தொட்டாலே கீறல் விழுகிறது, ஹயலைட்டில் கத்தி வழுக்குகிறது. ஒரு சிட்டிகை உதிரித் துகளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டேன்: நுரைக்காமல் அமைதியாகக் கரைந்தது. இதே துத்தநாகத் தாதுக்களில் ஸ்மித்சோனைட் என்றால், அது கார்பனேட் ஆச்சே, குமிழி விட்டிருக்கும்.

பழைய முறையில் கரி மேல் வைத்துச் சுட்டுப் பூண்டு வாசனை வருகிறதா என்று மோந்து பார்ப்பார்கள். அந்தப் புகை ஆர்சனிக் விஷம், தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். இடித்துத் தூளாக்கவும் வேண்டாம், தொட்டபின் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

சரி, வெளியில் போகும்போது இந்தச் சோதனைகளுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த இடத்தில் ஆர்சனிக் எங்கிருந்து வந்திருக்கும்? ஆர்சனோபைரைட் (இரும்பு, ஆர்சனிக், கந்தகம் சேர்ந்த தாது) மாதிரி ஒரு தாய்த்தாது மேற்பரப்புக்குப் பக்கத்தில் காற்றும் நீரும் பட்டுச் சிதைந்தால்தான் இந்த வகைக் கனிமம் உண்டாகும், கூடவே துத்தநாகமும் கிடைக்க வேண்டும். லிமோனைட் துரு அந்தச் சிதைவின் அடையாளம். நம்ம பக்கத்துச் சார்னோகைட், கிரானைட் பாறையில் பச்சையாக ஏதாவது தென்பட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது எபிடோட், டயாப்சைடு, இல்லையென்றால் வெறும் கல்பாசி.

பாராடமைட் மட்டும் இன்னும் பாக்கி. அதே வேதிப்பொருள், படிக அமைப்பு மட்டும் வேறு, அதே சுரங்கத்திலும் கிடைக்கிறது. ஆசிட்டால் இரண்டையும் பிரிக்க வழியே இல்லை, அது எக்ஸ்ரே வேலை.