ஒரே பேண்டு, நாட்டுக்கு ஒரு மவுசு

நான் இருக்குறது ஒரு மியூசிக் டிஸ்ட்ரிபியூஷன் கம்பெனில. கேக்க ஜோரா இருக்கும், ஆனா கிட்டார் பக்கமே போகாத வேலை. மாசா மாசம் ஸ்ட்ரீமிங் ஆப்கள்லேருந்து வர்ற ரிப்போர்ட்டை எடுத்து எந்த பேண்டு எந்த நாட்டுல எவ்வளவு ஓடிருக்குன்னு பிரிச்சு, ராயல்டி கணக்கு பாக்குறவங்களுக்கு ஒரு காப்பி, டூர் பிளான் பண்றவங்களுக்கு ஒரு காப்பின்னு அனுப்பணும். அவ்ளோதான். ஆனா வருஷக்கணக்கா இதையே பாத்துட்டு இருந்தா ஒரு விஷயம் மண்டைய குடைய ஆரம்பிச்சிடும். ஒரே பேண்டு, ஒரே பாட்டு, ஒரு நாட்டு வரிசைல நம்பர் எகிறி நிக்குது, பக்கத்து நாட்டுல ஈ ஓட்டுது, ஏன்?

ஆபீஸ்ல இதுக்கு ஒரு ரெடிமேட் பதில் உண்டு. "அந்த ஊர்க்காரங்க டேஸ்ட்டே அப்படிப்பா." மீட்டிங்ல யாராவது இதச் சொன்னா எல்லாரும் தலையாட்டிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிடுவாங்க. எனக்கு இந்தப் பதில் மேல கொஞ்சம் கடுப்பு, ஏன்னா இது பதிலே இல்ல, கேள்வியையே திருப்பிச் சொல்றது.

டீம்ல புதுசா யார் சேந்தாலும் நான் சொல்ற கதை ராமோன்ஸ் கதைதான். நியூயார்க் பேண்டு, பங்க் ராக்னு வேகமும் சத்தமுமா வாசிக்கிற ராக் வகைக்கே பிள்ளையார் சுழி போட்டவங்கன்னு சொல்லலாம். 1976ல வந்த அவங்க முதல் ஆல்பம் சொந்த நாட்டுல கோல்டு சர்டிபிகேட் வாங்கினது எப்ப தெரியுமா, 2014ல. அதாவது 5 லட்சம் காப்பிங்குற கணக்கைத் தொட 38 வருஷம். அதுக்குள்ள பேண்டை ஆரம்பிச்ச நாலு பேர்ல மூணு பேர் போய்ச் சேந்தாச்சு, டாமி மட்டும்தான் உயிரோட இருந்தாரு, அவரும் அதே வருஷம் ஜூலைல போயிட்டாரு. இப்ப அர்ஜென்டினா பக்கம் வாங்க. 1996 மார்ச்ல புவெனஸ் அயர்ஸ்ல ரிவர் பிளேட் ஃபுட்பால் ஸ்டேடியத்துல, 1978 உலகக் கோப்பை ஃபைனல் நடந்த அதே இடத்துல, பல்லாயிரம் பேர் முன்னாடி வாசிக்கிறாங்க. அஞ்சு மாசம் கழிச்சு லாஸ் ஏஞ்சலஸ்ல அவங்களோட கடைசி கச்சேரி, அது ஒரு தியேட்டர் சைஸ் ஹால்ல முடிஞ்சு போச்சு.

சரி, அர்ஜென்டினாக்காரங்களுக்கு பங்க் ரத்தத்துலயே ஊறிருக்கான்னா, அப்படியெல்லாம் இல்ல. 1982ல பிரிட்டனோட நடந்த ஃபாக்லண்ட்ஸ் போர் சமயத்துல ராணுவ ஆட்சி ரேடியோவுல இங்கிலீஷ் பாட்டையே நிறுத்திட்டாங்க. அடுத்த வருஷமே அந்த ஆட்சி போயிடுச்சு, ஒரு தலைமுறைப் பசங்க சத்தம் போட்டுக் கத்தணும்னு காத்துட்டு இருந்தாங்க, அந்த நேரத்துல 1987ல ராமோன்ஸ் நேர்ல வந்து இறங்கினாங்க. இது பாதிக் கதை. மீதிப் பாதி எங்க டூர் டீம் ஆளுங்களுக்குத்தான் நல்லாப் புரியும், 1991ல அர்ஜென்டினா அரசாங்கம் உள்ளூர் காசை டாலரோட சட்டம் போட்டு கட்டி வெச்சிட்டாங்க, 1992லேருந்து ஒரு பெசோவுக்கு ஒரு டாலர். வெளிநாட்டு பேண்டுக்குக் குடுக்குற சம்பளம் டாலர்லதான் போகும், உள்ளூர் காசு டாலருக்கு சமமா நின்னா கச்சேரி நடத்துற ப்ரோமோட்டருக்குக் கை பயமில்லாம நீளும், டிக்கெட்டும் ஜனங்க வாங்குற விலைல நிக்கும். ராமோன்ஸ் திரும்பத் திரும்ப அங்க போனாங்கன்னா அன்பு ஒரு காரணம், இந்த டாலர் கணக்கு இன்னொரு காரணம். டேஸ்ட்டுன்னு ஒத்த வார்த்தைல முடிக்கிறவங்களுக்கு இந்தக் கதைதான் என் முதல் பதில்.

ஜப்பான் இன்னொரு தினுசு. 1978 ஏப்ரல்ல சீப் ட்ரிக்னு ஒரு அமெரிக்க பேண்டு டோக்கியோ போய் இறங்குறாங்க. அமெரிக்காவுல அப்ப அவங்க பெரிய பேண்டுகளுக்கு முன்னாடி வாசிச்சிட்டு இறங்குற கூட்டம், இங்க என்னன்னா அவங்களப் பாத்துப் பொண்ணுங்க அலறுறாங்க. புடோகன் அரங்கத்துல ரெக்கார்ட் பண்ண லைவ் ஆல்பம் ஜப்பானுக்கு மட்டும்னுதான் வந்துச்சு, ஆனா அதோட இம்போர்ட் காப்பிங்க அமெரிக்கக் கடைகள்ல பறந்துச்சு, வேற வழியில்லாம 1979ல அங்கயும் வெளியிட்டாங்க, அதுதான் அவங்களோட பெரிய ஹிட்டாப் போச்சு. சொந்த ஊர்ல பேர் வாங்க அடுத்த நாட்டு அலறல் தேவைப்பட்டிருக்கு பாருங்க.

அதுக்கு முன்னாடி 1975ல பிரிட்டிஷ் பேண்டு க்வீன் போனப்பவும் டோக்கியோ ஏர்போர்ட்டுல பெரிய கூட்டம். அதுல மியூசிக் லைஃப்னு ஒரு பத்திரிகைக்குப் பெரிய பங்கு, இவங்க வந்து இறங்குறதுக்கு முன்னாடியே படமாப் போட்டு ரசிகைகள தயார் பண்ணி வெச்சிருந்தாங்க. 1984ல இதே க்வீன் பொம்பள வேஷம் போட்டு ஒரு வீடியோ எடுத்தாங்க, பிரிட்டன்ல சிரிச்சிட்டு வாங்கினாங்க, அமெரிக்காவுல முகத்தச் சுளிச்சாங்க. பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி இருந்த வரைக்கும் 1982க்கு அப்புறம் க்வீன் அமெரிக்காவுல டூரே போகல. வென்ச்சர்ஸ்ங்கிற அமெரிக்க பேண்டு பத்தி சொல்லாம விட்டா எங்க ஆபீஸ்ல ஒருத்தரு கோச்சுக்குவாரு, வார்த்தையே இல்லாத கிட்டார் பாட்டு, அதனால மொழிப் பிரச்சனையே கிடையாது, 60கள்ல ஜப்பான் பசங்க பாதிப் பேர் எலெக்ட்ரிக் கிட்டார் தூக்கினதுக்கு இவங்கதான் காரணம்னு சொல்லுவாங்க.

ஜப்பான் சிடில மட்டும் ஒரு பாட்டு எக்ஸ்ட்ரா இருக்குமே, அதப் பாத்துட்டு ஜப்பான் ரசிகர்கள் மேல பேண்டுக்குத் தனிப் பாசம்னு நெனைக்கிறவங்க நிறைய. விஷயம் வேற. அங்க உள்ளூர்ல அச்சடிக்கிற சிடிக்கு விலைய கம்பெனி சொல்ற மாதிரிதான் கடைக்காரர் விக்கணும், இம்போர்ட் சிடிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால அது சீப்பா கெடைக்கும், அப்ப யாரு உள்ளூர் காப்பி வாங்குவா? அதுக்காக வெச்ச தூண்டில்தான் அந்த எக்ஸ்ட்ரா பாட்டு. இன்னிக்கும் ஒரு பேண்டோட பழைய ஆல்பங்களத் தொடும்போது ஜப்பானுக்கு மட்டும் உரிமை உள்ள பாட்டுன்னு வந்து நின்னு எங்க உயிர வாங்கும்.

கனடாவுல கதை ரேடியோ. 1971லயே சட்டம் போட்டாங்க, ரேடியோவுல குறிப்பிட்ட பங்கு கனடாப் பாட்டா இருக்கணும்னு, முதல்ல 30 சதவீதம், பின்னாடி 35. இதுல ஒரு கூத்தும் உண்டு. 1991ல கனடாப் பாடகர் பிரையன் ஆடம்ஸோட ஆல்பம் கனடாப் பாட்டு கணக்குல சேரல, ஏன்னா கூட எழுதினவரு வெளிநாட்டுக்காரரு! பெரிய ரகளையாகி ரூலையே மாத்தினாங்க. இந்த ரேடியோ நிலத்துல வளந்தவங்கதான் ட்ராஜிக்கலி ஹிப்ங்கிற பேண்டு. பாடகர் கோர்டு டவுனிக்கு மூளைல கேன்சர்னு தெரிஞ்சப்புறம் 2016 ஆகஸ்ட்ல அவங்க சொந்த ஊரான கிங்ஸ்டன்ல கடைசி கச்சேரி, விளம்பரமே இல்லாம அந்த நாட்டுப் பொது டிவியான சிபிசி ஒளிபரப்புனாங்க, 1 கோடியே 17 லட்சம் பேர் பாத்தாங்க. அந்த நாட்டு மொத்த ஜனத்தொகையே அப்ப மூணரைக் கோடிக்குக் கொஞ்சம் மேல, கூட்டத்துல பிரதமரும் நின்னாரு. எல்லை தாண்டி அமெரிக்காவுல போய் கேட்டா பாதிப் பேர் யாரு அதுன்னு கேப்பாங்க. நம்பர் காட்டுற எந்த டேஷ்போர்டுலயும் இந்த ஆழம் வராது, உலக மொத்தம்னு கூட்டிப் பாத்தா அது சின்ன பேண்டாத்தான் தெரியும்.

நம்பர் ஏமாத்துற இடம் இன்னொண்ணு, ஊர்வாரிப் பட்டியல். நிறைய ராக் பேண்டுகளுக்கு மேல மெக்சிகோ சிட்டி, சாவோ பாலோ, சாந்தியாகோன்னு வந்து நிக்கும். உடனே மேனேஜர் ஃபோன் போடுவாரு, "நம்ம பசங்களுக்கு லத்தீன் அமெரிக்காதான் கோட்டை போலிருக்கே"ன்னு. கொஞ்சம் பொறுங்க சார். அங்க ரசிகர்கள் நிறைய பேர் ராட்சச நகரங்கள்ல குமிஞ்சு கெடக்காங்க, அமெரிக்க ரசிகர்கள் நூறு ஊர்ல சிதறிக் கெடக்காங்க, அதனால ஊர்ப் பட்டியல்ல அவங்க தெரியவே மாட்டாங்க. அந்த பேண்டு நிஜமாவே அங்க பெருசா, இல்லையான்னு தெரியணும்னா, அதே ஊர்ல மத்த பேண்டுங்க எவ்வளவு ஓடுதுன்னு பக்கத்துல வெச்சுப் பாக்கணும். சந்தா விலை நாட்டுக்கு நாடு மாறும், அதனால ஒரே எண்ணிக்கைக்கு வர்ற காசும் மாறும். இதையெல்லாம் ரிப்போர்ட்டுக்குக் கீழ சின்ன எழுத்துல போடுவேன், யாரும் படிக்க மாட்டாங்க.

நான் இப்படி ரூட்டு, ரேடியோ, டாலர்னு பேசிட்டே போனா எங்க டீம்ல ஒரு சீனியர் உண்டு, அவரு ஸ்லேட் பேரை எடுத்து என் வாயை அடைப்பாரு. பிரிட்டன்ல 70கள்ல ஆறு தடவ நம்பர் ஒன் அடிச்ச பேண்டு. அமெரிக்காவப் பிடிக்கணும்னு 1975ல அங்கயே போய் குடியிருந்து ஊர் ஊரா வாசிச்சாங்க, ஒண்ணும் நடக்கல. "நேர்ல போனா போதும்ங்கறியே, இவங்க போனாங்களே?" அப்படின்னு கேப்பாரு. எனக்குத் தோணுறது, பிரிட்டன்ல அப்ப பிபிசில ஒரு டிவி நிகழ்ச்சி, ஒரு ரேடியோ போதும், நாடு முழுக்கக் கேக்கும். அமெரிக்காவுல ஒவ்வொரு ஊர் ஸ்டேஷனையும் தனித்தனியா கெஞ்சணும். 1981ல பாட்டு வீடியோ போடுற எம்டிவி சேனல் வந்தப்புறம்தான் மொத்த நாட்டுக்கும் ஒரே ஜன்னல் தெறந்துச்சு, 1983ல க்வயட் ரியாட்னு ஒரு அமெரிக்க பேண்டு ஸ்லேடோட பழைய பாட்டைப் பாடி அங்க அஞ்சாவது இடம் வரைக்கும் கொண்டு போனாங்க, அடுத்த வருஷமே ஸ்லேடோட சொந்தப் பாட்டும் டாப் 20ல ஏறுச்சு. சீனியர் இத முழுசா ஒத்துக்கல. க்வயட் ரியாட் டிரம்ஸை ஏத்தி, அமெரிக்கக் காதுக்குத் தோதா மாத்திப் பாடினதாலதான் ஓடுச்சுங்கறாரு. அதுல பாதி நியாயம் இருக்குன்னு எனக்கும் படுது.