கேத்தி நாட்குறிப்பு: ஆறாம் வகுப்பும் வேர்களும்

7 ஜூலை 2025, திங்கள்

இன்று ஆறாம் வகுப்பில் வேர் பாடம் தொடங்கினேன். பத்தே நிமிடத்தில் மாட்டிக்கொண்டேன்.

"தெரிஞ்ச வேர் ஏதாவது சொல்லுங்க" என்றதும் கேரட், பீட்ரூட், முள்ளங்கி என்று மளமளவென்று வந்தது. அதே வேகத்தில் உருளைக்கிழங்கு, பூண்டு, வெங்காயம். மண்ணைத் தோண்டி எடுப்பதெல்லாம் வேர் என்பது இவர்கள் கணக்கு. முதல் மூன்று சரி, பின் மூன்றும் வேர் இல்லை. அதை இன்றைக்கே சொல்லி முடித்துவிட மனம் வரவில்லை.

பேச்சை மாற்ற ஆலமரத்தையும் விழுதையும் கரும்பலகையில் வரைந்தேன். "இது எங்க டீச்சர் இருக்கு?" என்றாள் முதல் பெஞ்சுப் பெண். நான் தஞ்சாவூர்க்காரி, விழுதில் ஊஞ்சலாடி வளர்ந்தவள். கேத்தி இருப்பது நீலகிரியில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், இந்தக் குளிரில் ஆலமரத்துக்கு எங்கே போவது? சதுப்பு நிலத்துச் சுவாச வேரைப் பற்றி வாயே திறக்கவில்லை. இங்கே கிடைப்பதை வைத்தே நடத்திக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.

8 ஜூலை, செவ்வாய்

டிபன் பாக்ஸில் ஈரத் துணி விரித்து முள்ளங்கி விதை போட்டு மூடி வைத்தோம். நாள் முழுக்க மழை. பாதிப் பேர் வரவில்லை.

9 ஜூலை, புதன்

மழை விட்டதும் எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். கிக்குயு புல்லை ஒரு பிடி பிடுங்கச் சொன்னேன். புல் வரவில்லை, பிடுங்கியவன்தான் சேற்றில் உட்கார்ந்தான். தரையோடு ஓடும் தண்டின் கணுவுக்குக் கணு ஒரே தடிமனில் கொத்தாக வேர். இதுதான் சல்லிவேர். பக்கத்தில் தானாக முளைத்திருந்த கடுகுச் செடியை இழுத்தபோது நடுவில் ஒரு தடித்த வேர் நேராக இறங்கியிருந்தது, பக்கவாட்டில் சின்னச் சின்னக் கிளைகள். இது ஆணிவேர். இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தபின் வித்தியாசம் சொல்ல நான் தேவைப்படவில்லை.

பள்ளித் தோட்டத்தில் ஒரு பட்டாணிச் செடியையும் பறித்தோம் (பாவம், பூவிட்டிருந்தது). அதன் வேரில் கடுகளவு முடிச்சுகள். "நோய் பிடிச்சிருக்கு, மருந்தடிக்கணும்" என்றான் விவசாயி மகன் ஒருவன். ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து காட்டினேன், உள்ளே இளஞ்சிவப்பு. அங்கே குடியிருப்பது ரைசோபியம் என்ற பாக்டீரியா. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கித் தருகிறது, செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. "வாடகை மாதிரியா?" என்றான். ஏறக்குறைய அப்படித்தான்.

11 ஜூலை, வெள்ளி

இன்றைய கூத்தை விரிவாகவே எழுத வேண்டும். காலையில் டிபன் பாக்ஸைத் திறந்த பெண், "பூசணம் பிடிச்சிருச்சு டீச்சர்" என்று விதைகளைக் குப்பையில் கொட்டப் போனாள். ஓடிப்போய் வாங்கினேன். முளைத்த ஒவ்வொரு வேரைச் சுற்றியும் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருந்தது. பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொன்னேன். தெளித்ததும் பஞ்சு வேரோடு ஒட்டி மறைந்துவிட்டது. பூசணமாக இருந்தால் அப்படி மறையாது. அவை வேர்த்தூவிகள். தூவி ஒவ்வொன்றும் வேரின் மேல்தோலில் உள்ள ஒரே செல் நீண்டு வளர்ந்தது. தண்ணீரையும் அதில் கரைந்த உப்புகளையும் பெருமளவு உறிஞ்சுவது இவைதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நுனியில் மட்டும் தூவி இல்லை, அங்கே வேர்மூடி. மண்ணைத் துளைத்துப் போகும்போது நுனிக்கு ஹெல்மெட் மாதிரி. எது கீழ் என்று உணர்வதும் அங்கேதான். பாக்ஸைச் செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கிறோம், திங்களன்று வேர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

1937இல் டிட்மர் என்ற அமெரிக்கர் ஒரு பெட்டியில் நாலு மாதம் வளர்த்த ஒற்றை ரைச் செடியின் (கோதுமை மாதிரி ஒரு தானியம்) வேர்களை அளந்தார். மொத்த நீளம் 620 கிலோமீட்டருக்கு மேல், தூவிகளைச் சேர்க்காமல். "ஊட்டியிலிருந்து சென்னைக்குப் போயும் மிச்சம் இருக்கும்" என்றேன். "அந்தப் பெட்டி எவ்வளவு பெருசு?" என்று சரியான கேள்வி கேட்டது கடைசி பெஞ்ச். மேசை டிராயர் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் இருக்கும் அளவுதான்.

14 ஜூலை, திங்கள்

வேர்கள் எல்லாம் கீழே வளைந்திருந்தன. கைதட்டல்.

அப்புறம் உருளைக்கிழங்குப் பஞ்சாயத்து. ஆளுக்கு ஒரு கிழங்கும் ஒரு கேரட்டும் கொடுத்து, கண் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னேன். விதைக்கிழங்கு வெட்டும்போது துண்டுக்கு ஒரு கண்ணாவது விட்டு வெட்ட வேண்டும் என்பது இவர்களுக்குப் பால்பாடம். கண் என்றால் கணு, அதில் மொட்டு. அது தண்டுக்கு மட்டும் உள்ள லட்சணம். ஆகவே உருளை, மண்ணுக்குள் பருத்த தண்டு. வெயிலில் கிடந்தால் பச்சையாகிவிடும், அப்படிப்பட்டதைச் சாப்பிடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். வெங்காயமும் பூண்டும் தட்டையான சின்னத் தண்டின்மேல் மூடிய சதைப்பற்றான இலைகள், அவற்றின் உண்மையான வேர் அடியில் தொங்கும் தாடிதான்.

முடிந்தது என்று நினைத்தேன். அம்மா கேரட் கழுவும் இடத்துக்கு வேலைக்குப் போகும் பையன் எழுந்தான். "கேரட் தலையை வெட்டித் தண்ணியில வெச்சா இலை வருதே, அப்ப அதுவும் தண்டா?" ஒரு நிமிடம் திகைத்தேன். இலை வருவது கேரட்டின் உச்சியில் உள்ள மெல்லிய பகுதியிலிருந்து. அந்த அளவு மட்டும் தண்டு. கீழே உள்ள கூம்பு ஆணிவேர். நடுவில் நறுக்கிய துண்டை வைத்தால் தட்டில் அழுகும். நாளைக்கே வைத்துப் பார்க்கிறானாம்.

பறிக்காமல் விட்டால் அந்தக் கூம்பில் சேர்த்துவைத்த உணவைச் செலவழித்துத்தான் கேரட் அடுத்த வருஷம் பூக்கும். நாம் முந்திக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரியேற்றிவிடுகிறோம்.

17 ஜூலை, வியாழன்

ரோடு அகலப்படுத்த வெட்டிய மண்திட்டில் ஒரு தேயிலைச் செடி பாதி அந்தரத்தில் நிற்கிறது. வெட்டிய பக்கத்தில் வேர் முழுக்கத் தெரிகிறது. விதையிலிருந்து வந்த பழைய செடி, ஆணிவேர் என் உயரத்தைத் தாண்டி இறங்கியிருந்தது. நாலு செடி தள்ளி ஒரு குளோன் செடி. நடுவதற்கு நறுக்கிய தண்டிலிருந்து வளர்ந்ததால் அதற்கு ஆணிவேர் இல்லை, வெட்டிய இடத்திலிருந்து கிளைத்த வேர்கள்தான். வறட்சியில் முதலில் வாடுவது எது என்று கேட்டேன். ஒருவரும் தப்பாகச் சொல்லவில்லை.

2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்ததை இவர்கள் வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். வேர் இருந்தால் மண் சரியாதா என்று ஒருத்தி கேட்டாள். மேல் மண்ணை வேர் பிடிக்கும். ஆனால் அடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டு, தண்ணீர் போக வழியும் விடாமல், மேலே நாலு செடி வைத்தால் போதும் என்று நம்புவது அபத்தம். அவளிடம் இவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

மார்ச் கடைசியில் விதைத்து, வீட்டில் இரண்டு பையில் வளர்ந்த கேரட்டை இன்று பிடுங்கினேன். முதல் பை அழகு. இரண்டாவது பையில் எல்லாமே கோணல். ஒன்றுக்கு இரண்டு கால், ஒன்றுக்கு மூன்று. முதல் பையில் நெருக்கமாக இருந்த நாற்றைக் கலைத்து இதில் நட்டது நான்தான். பிடுங்கும்போது ஆணிவேரின் நுனி அறுந்திருக்கும், நுனி போனால் பக்கவேர்கள் பருத்து இப்படிக் கிளைத்துவிடும். இதையே வாரம் முழுக்கப் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கேரட்டை யாராவது நடுவாங்களா கண்ணு? விதைச்ச இடத்திலேயே விட்டுடணும்."

மூன்று கால் கேரட் நாளை வகுப்புக்கு வருகிறது. மீதி இரவுக்குப் பொரியல்.