கடலூர் பிராக்டிகல்: சோலினாய்டு ஜாப்பில் நான் தோற்றதும் தேறியதும்

ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். ஐடிஐ மோட்டார் வண்டி மெக்கானிக் டிரேடில் தியரிக்கு 33 சதவீதம் போதும், பிராக்டிகலுக்கு 60 வேண்டும். போன தடவை என்னைக் கவிழ்த்தது அந்த 60 தான். அதனால் தியரியை இங்கே தொடவில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஜாப் விழுந்தால் என்ன செய்வது என்பது மட்டும்; அதிலும் சோலினாய்டு, அதாவது கியர் மாற எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின்காந்த வால்வு.

போன தடவை வந்த வண்டி மூன்றாவது கியரிலேயே கிடந்தது; கிளம்பும்போது இழுவையே இல்லை. ஸ்கேனரில் பி0753 என்ற கோளாறுக் கோடு (code). "ஷிஃப்ட் சோலினாய்டு ஏ போச்சு சார்" என்று சொல்லிவிட்டு ஆயில் பேனை (கியர்பாக்ஸ் அடியில் எண்ணெய் நிற்கும் தட்டு) கழற்ற உட்கார்ந்துவிட்டேன். எக்ஸாமினர் வாய் திறக்கவில்லை. ஏடிஎஃப் என்ற கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்து, சோலினாய்டை வெளியே எடுத்து மீட்டர் வைத்தால் 13 ஓம். நல்ல சோலினாய்டு. அப்போதுதான் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, கோடு சோலினாய்டுன்னு சொல்லுச்சா, சர்க்கியூட்டுன்னு சொல்லுச்சா?"

பதில் வரவில்லை. பேனைத் திரும்ப மாட்டுவதற்குள் நேரமும் முடிந்தது. அன்றிரவு முழுக்க அந்த ஒரு கேள்விதான் மண்டையில் ஓடியது.

அதற்குப் பிறகு மஞ்சக்குப்பத்தில் ஒரு ஷெட்டில் கைவேலைக்குப் போனேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்து, பின்னாலேயே தென்பெண்ணையும் பெருகியதே, அந்தத் தண்ணீரில் நின்ற வண்டி ஒன்று பல மாதம் கழித்து அதே கோடோடு வந்தது. மேஸ்திரி அண்ணன் பேன் பக்கமே போகவில்லை. கியர்பாக்ஸ் மேலிருக்கும் கனெக்டரின் லாக்கைத் தூக்கி இழுத்தார். உள்ளே ரப்பர் சீல் ஒரு ஓரம் மடிந்திருந்தது. ஒரு பின் மட்டும், விளக்காமல் விட்ட குத்துவிளக்கு மாதிரி களிம்பு ஏறிப் பச்சையாக இருந்தது. கடல் காற்று ஊரில் இதை முதலில் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது?

நான் சொல்ல வந்தது இதுதான்: இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். முதலில் கியர்பாக்ஸை இயக்கும் கம்ப்யூட்டர் பக்கக் கனெக்டரைக் கழற்றி, வயர் வழியாக அளக்க வேண்டும். அடுத்து கியர்பாக்ஸ் கனெக்டரில் நேராக அளக்க வேண்டும். கியர்பாக்ஸில் 13 ஓம் காட்டி, கம்ப்யூட்டர் பக்கம் மீட்டர் எல்லை தாண்டினால் (இணைப்பு அறுந்திருந்தால் அப்படிக் காட்டும்) கோளாறு வயரிலோ பின்னிலோதான். இரண்டிலும் எல்லை தாண்டினால் மட்டும் பேனைக் கழற்றுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் சிந்தாமல் பாதி ஜாப் முடிந்துவிடும்.

இந்தத் தடவை ஸ்பேனரைத் தொடும் முன் இரண்டு அளவையும் தாளில் எழுதினேன். எழுதினால்தான் எனக்குக் கை நிதானப்படும். எக்ஸாமினர் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்துப் படித்தார்.

மற்றவை, நினைவுக்கு வந்த வரிசையில்:

- மீட்டரின் இரு முனைகளையும் ஒட்டவைத்து என்ன காட்டுகிறது என்று பார்த்து, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.
- ஆன்-ஆஃப் சோலினாய்டு பல வண்டிகளில் 11 முதல் 15 ஓம். எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பிரஷர் கன்ட்ரோல் வகை 5 ஓமை ஒட்டி இருக்கும். கையேட்டில் உள்ள அளவுதான் இறுதி.
- சூட்டில் ஓம் ஏறும். 30 டிகிரியில் 13 காட்டியது 90 டிகிரியில் 16 வரை போகும். அது கோளாறு இல்லை. சூட்டில் திடீரென அறுந்து, ஆறினதும் சேர்ந்தால் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) போய்விட்டது.
- 12 வோல்ட் கொடுத்து "டிக்" கேட்பது ஆன்-ஆஃப் வகைக்கு மட்டும். பிரஷர் கன்ட்ரோல் வகைக்கு நேராகக் கொடுத்தால் காயில் கருகும். நடுவில் பல்பு ஒன்று வேண்டும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைத்தான் கேட்டார்கள்.
- பி0751 வந்தால் கதை வேறு. மின்சாரம் சரியாகப் போகிறது, கியர்தான் மாறவில்லை. வால்வு சிக்கலாம், எண்ணெயில் அழுக்கு இருக்கலாம். எண்ணெயை மோந்து பாருங்கள். கருகல் வாடை அடித்தால் கிளட்ச் வரை போயிருக்கும்.
- வால்வ் பாடியின் (வால்வுகளும் எண்ணெய் வழிகளும் உள்ள பகுதி) போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. அட்டையில் படம் போட்டு அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.
- பனியன் வேஸ்ட்டால் வால்வ் பாடியைத் துடைக்காதீர்கள். ஒரு நூல் பிசிறு போதும், வால்வு நின்றுவிடும்.
- ஸ்கேனரில் கோளாறுக் கோடை அழித்ததும் முடித்துவிடாதீர்கள். வண்டி நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். என் ஜாப்பில் அந்த இரண்டாவது ஸ்கேனைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.